பிஸ்கட்டின் கொட்டிலில் உன் குதிரை

தம்பிக்கு,

நன்றி சொல்ல இதை எழுதவில்லை. அப்பா விட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில் கிழக்குப் பாதி என்னுடையது. அதில் இன்றும் மாற்றமில்லை.

வயோமிங் பள்ளிகளின் ரோடியோ குதிரைப் போட்டி வாரம் தொடங்கிய அன்றே, பேத்தி டெலேனியின் குதிரை பிஸ்கட் வயிற்றுவலியில் செத்துப்போனது. அவள் அழவில்லை. அதன் வால்முடியை வெட்டிப் பின்னி இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பினாள். தடுத்தேன்.

"உங்க சண்டைய நீங்களே வச்சுக்கோங்க தாத்தா. எனக்குக் குதிரை வேணும்."

சனிக்கிழமை, மூன்று பீப்பாய்களைக் குதிரையில் சுற்றி வரும் பீப்பாய் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. வேலியோரம் நின்ற பக்கத்துப் பண்ணை டுவெய்ன் சீண்டினான்: "என்னப்பா, தம்பி வீட்டுது எதுவும் உனக்கு ஆகாதே?"

"குதிரை மேல எனக்கென்னடா கோபம்?" என்றேன்.

நீ அவளுக்குக் கொடுத்தனுப்பிய உன் குதிரை ஜூனிபர் மூன்றாவது பீப்பாயை ஒட்டித் திரும்பியபோது டெலேனியின் முழங்கால் இடித்துப் பீப்பாய் சாய்ந்தது. விழுந்திருந்தால் ஐந்து விநாடி அபராதம், எல்லாம் போயிருக்கும். அவள் கையை நீட்டி அதை நிமிர்த்திவிட்டு, வேகம் குறையாமல் வாசலை நோக்கிப் பறந்தாள். இரண்டாம் இடம், அது போதும். ஜூலையில் தேசியப் போட்டிக்குப் போகிறாள். நம் குடும்பத்தில் இதுவரை யாரும் போனதில்லை, நீயும்தான்.

நேற்றுக் காலை பிஸ்கட்டின் கொட்டிலில் உன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாரம் முழுக்க வராத அழுகை. அது அசையாமல் நின்றது.

ஜூலை வரை அதை இங்கே விட்டுவை. அப்பாவை அடக்கம் செய்த பிறகு உன்னிடம் எதையும் நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். முடியாது என்றால், நீயே வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் அண்ணன்