ஊசிக்கு அழாத வாண்டு

மார்ச் 4

பெரியவர்கள் வார்டில் பதினாறு வருடம் நர்ஸாகக் குப்பை கொட்டியவளை இன்று குழந்தைகள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம், இனி என் இடுப்புவலிப் புராணம் கேட்க வேண்டாமே!

நோயாளிக்கு நினைவு சரியாக இருக்கிறதா என்று கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மார்க் போடுவது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்தத் தெனாவெட்டில் எட்டு மாதக் குழந்தையிடம் போய், "உங்க பேர் என்ன? இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டுத் தொலைத்தேன். மரியாதையாக வேறு. அது பொக்கைவாய் திறந்து சிரித்தது. பதில் இல்லையே என்று பேச்சுக்கு அடிமட்ட மார்க் போட்டேன். பதறியடித்து ஓடிவந்தார் டாக்டர். குழந்தை அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சப்பிக்கொண்டிருந்தது.

"எனக்கே தேதி தெரியாது சிஸ்டர். இதுகிட்டயா கேட்டீங்க?"

மார்ச் 5

பட்டப்பெயர் வைத்தாயிற்று. தேதி சிஸ்டர்.

மார்ச் 7

தலைமை நர்ஸ் என்னைவிடச் சின்னவள். "அக்கா, இதுங்களுக்கு 'ங்கா'ன்னா அதுதான் பேச்சு. தூக்கினா அடங்குற அழுகையா, அடங்காத அழுகையான்னு பாருங்க. சந்தேகம்னா அம்மாவைக் கேளுங்க" என்றாள். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 11

மாடிப்படியில் உருண்ட இரண்டு வயதுப் பெண் வந்திருக்கிறாள். தலையில் வீக்கம். கண்ணில் டார்ச் அடித்தால் டார்ச்சையே பிடுங்குகிறாள். கையைத் தொட்டேன், கடித்துவிட்டாள். "போ! போ!" என்று ஆர்ப்பாட்டம். எல்லாவற்றுக்கும் முழு மார்க். வாண்டு!

மார்ச் 12

காலையில் வாண்டு பரம சாது. ஊசி குத்தினேன், லேசாக முனகினாள். அவ்வளவுதான்.

"இப்பதான் நல்ல புள்ளையா இருக்கா" என்று அவள் பெரியம்மாவுக்குப் பூரிப்பு. எப்போதும் இப்படித்தானா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஊசின்னாலே ஊரைக் கூட்டுவாளே சிஸ்டர்..." என்று சொல்லும்போதே அவள் முகம் வெளிறியது.

டாக்டரைக் கூப்பிடலாமா? தூக்கக் கலக்கமாக இருந்துவிட்டால்? மறுபடியும் வார்டே சிரிக்குமே — சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க! புள்ளை உசுருக்கு முன்னாடி எனக்கென்ன பெரிய கௌரவம்?

கூப்பிட்டேன். "இன்னைக்கு என்ன தேதி சிஸ்டர்?" என்று இளித்துக்கொண்டே வந்த டாக்டர் அவளைக் கிள்ளிப் பார்த்தார். கண்ணைத் திறக்கவில்லை. அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் ரத்தக்கட்டு. உடனே ஆபரேஷன்.

மார்ச் 13

இன்னும் விழிக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடிச்சுத் தொலையேன்டி.

மார்ச் 14

டியூட்டி முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். தலைக்கட்டோடு வாண்டு கண் விழித்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அடுத்த நொடி கட்டடமே அதிர ஓர் அழுகை!

டாக்டர் ஓடிவந்தார். "என்ன சிஸ்டர் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர். என் மூஞ்சியைப் பார்த்துட்டா."

"அப்ப முழு நினைவு வந்திருச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் அம்மாவும் சிரித்துவிட்டாள். நான் வெளியே போனால்தான் அடங்குவாள் என்றார்கள். போனேன். கதவுக்கு அந்தப்பக்கம் நின்று ஆசை தீரக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.