பத்தொன்பது நாள் சாமி

கோபிசெட்டிபாளையம்
24.11.1996

கிருபாசங்கருக்கு, கிருஷ்ணனுடைய அம்மா சென்னியம்மாள் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். பம்பாயில் நீ இருக்கும் இருப்பை உங்கள் பாட்டுக் குழுவின் கேசட் அட்டையில் பார்த்தேன். கையெல்லாம் பச்சை குத்தி, ரொம்ப இளைத்துவிட்டாய்.

நீங்கள் நாலு பேரும் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் பாட்டுப் பழகினபோது, கிருஷ்ணன் அடிக்கிற டிரம்ஸ் சத்தத்துக்கு எருமை பால் கறக்க விடாது. "பேர் வாங்கினதும் செவிட்டு எருமையா ஒண்ணு வாங்கித் தாரனுங்கம்மா" என்று சிரிப்பாய். உன்னை நம்பித்தான் அவனை அனுப்பினேன்.

குடியை விடத்தான் அவன் அந்த வருசம் கார்த்திகை ஒண்ணாந்தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டான். மாலை போட்டால் பெற்ற பிள்ளையும் சாமிதான். அவங்கப்பா "சாமி, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிட்டார். பத்தொன்பது நாள். மறுநாள் கோயமுத்தூர் காலேஜில் உங்களோடு டிரம்ஸ் வாசிக்கப் போனவன், குடித்துவிட்டு வண்டியை லாரியில் விட்டான் என்று தூக்கி வந்தீர்கள். கழுத்தில் மாலை இல்லை. "அவனே கழட்டிப்போட்டுத்தான் குடிச்சானுங்கப்பா, சொல்லியும் கேக்கலீங்க" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னாய்.

அன்றிலிருந்து அவர் மகனுக்குத் திதி கொடுக்கவில்லை. சாமியை ஏமாற்றினவனுக்கு எள்ளுத் தண்ணி எதுக்கு என்கிறார். படம்கூட மாட்டவிடவில்லை. நானும் அப்படித்தான் நினைத்துப்போட்டேன்.

போன வாரம் மகள் பிரவீனா இங்கிலீஷ் புத்தகத்தில் உன் பேட்டியைப் படித்துச் சொன்னாள். கழற்ற மாட்டேன் என்று அழுதானாமே. மற்ற ரெண்டு பேரும் பிடித்துக்கொள்ள நீ மாலையை அறுத்தாயாம், வாயில் ஊற்றினீர்களாம். அன்றைக்கு மாதிரி அவன் என்றும் டிரம்ஸ் அடித்ததில்லை, அன்றுதான் எங்களுக்குப் பேர் வந்தது என்று சொல்லியிருக்கிறாய். பக்கத்தில் சிரிக்கிற போட்டோ.

அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "புஸ்தகத்துல ஆயிரம் போடுவாங்க. அந்தப் பையன் என்ற கையப் புடிச்சுச் சொன்னான்" என்கிறார். இன்னும் உன் வாய்ச்சொல்தான் அவருக்குப் பெரிது.

கார்த்திகை இருபது அவன் போன நாள். அதற்குள் வா, கண்ணு. அவர் கையை அதே மாதிரி பிடித்து நடந்ததைச் சொல்லு. போலீசுக்குப் போகமாட்டேன். திட்டமாட்டேன். சோறு போட்டு அனுப்புகிறேன்.

நல்லாயிரு என்று எழுதத்தான் பார்க்கிறேன், கை வரவில்லை. நீ வந்து சொல்லிப்போட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்கிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணன் அம்மா