பத்து வார்த்தை

புதன், இரவு.

இன்று கிள்ளானில் முதியவர்களுக்கு ஞாபகச் சோதனை. பக்கத்து ஊரான மேருவிலிருந்து வந்த முனியம்மா ஆன்டியிடம் ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டேன். அவர் அந்த ஐந்தையும் சேர்த்துப் பத்து சொன்னார். மீதி ஐந்தும் போன வருஷச் சோதனையில் நான் சொன்னவை!

"அப்பவும் நீதானம்மா கேட்ட? எனக்கு மறக்குமா?" என்று சிரித்தார்.

விதிப்படி, கூடுதலாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பிழை; மறதிக் கணக்கில் சேரும். இந்த ஆராய்ச்சியை நடத்தும் புரொபசருக்குப் போன் அடித்தேன். "ரூல் ரூல்தான் லா, அஞ்சு பிழை போடு" என்றார். போட்டேன். சீ! மூளையைப் பற்றி இத்தனை வருஷம் ஆராய்ச்சி செய்தது இதற்குத்தானா?

வாசலில் ஆன்டியின் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு மறதி வந்துருச்சா டாக்டர்?"

"ரிப்போர்ட் வரட்டும்" என்றேன்.

ரிப்போர்ட் எழுதுவதே நான்தான்.