கடைசி மனிதனின் இடது கால்

மார்ச் 7, 1971, ஞாயிறு

விடிவதற்குள் ஆறாவது தெருவின் இரண்டு முனையையும் போலீஸ் அடைத்துவிட்டது. உலகமே செத்து ஒரே ஒருவன் மிஞ்சுகிற படம். லாஸ் ஏஞ்சலீஸின் நடுவூர் காலியாகக் கிடைப்பது ஞாயிறு காலை மட்டும்தான். அந்த ஒருவன் டேன் மெரிக். பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டாராம். ஆகவே அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகு காட்டி நடப்பது டூப் வெர்னன் ஸ்டக்கி. உலகத்தின் கடைசி மனிதனுக்கே ஒரு மாற்று ஆள்! கேமராவில் ஃபோகஸ் பார்க்கிற எனக்கு இதில் என்ன பேச்சு என்பார்கள்.

ஓட்டல் வாசலிலிருந்து ஒரு குடிகாரன் தள்ளாடி வந்து வெறும் தெருவைப் பார்த்தான். “எங்கப்பா எல்லாரும்?”

“செத்துட்டாங்க,” என்றார் வெர்னன். “நீ போய்ப் படு.”

அவன் நிஜமாகவே அழுதுவிட்டான். ஷாட் போயிற்று.

மார்ச் 14

நூலகப் படிக்கட்டில் வெர்னன் விழுந்தார். இடது முழங்கால். இயக்குநர் கேட்ட முதல் கேள்வி: “கேமரா ஓடுதா?” இரண்டாவது: “நடந்துடுவீங்கல்ல? இனிமே தெருவை அடைக்க விட மாட்டாங்க.”

நடந்தார். மீதி ஷாட் எல்லாம் நொண்டி நொண்டி. டாக்டரைக் கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை. என் காரில் ஏற்றி வீட்டில் விட்டேன்.

மார்ச் 18

டூப் நொண்டிவிட்டதால் கதாநாயகனும் நொண்டியாக வேண்டும். முகம் தெரியும் ஷாட்டுகள் இன்று ஸ்டூடியோவில். மெரிக் சாப்பாட்டுக்கு முன் இடது காலில் நொண்டினார். சாப்பிட்டு வந்து வலது காலில்.

“இடது கால், சார்!” கத்திவிட்டேன்.

மெரிக் நொண்டுவதை நிறுத்தித் திரும்பினார். “யாருடா இந்தப் பொடியன்?” என்றார்.

ஆகஸ்ட் 12

படம் வந்துவிட்டது. பத்திரிகையில்: ‘அழிந்த உலகத்தின் வலி முழுவதையும் ஒரு காலில் தாங்கி நடக்கிறார் மெரிக்.’

யாருடைய கால் ஐயா அது? தெருவில் எடுத்த ஒரு ஷாட்டில்கூட அந்த ஆள் கிடையாது!

ஆகஸ்ட் 16

வெர்னன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மூன்றே படி. அதற்கே சுவரைப் பிடிக்கிறார். “மார்ச்சுலேர்ந்து ஒரு பய கூப்பிடல,” என்றார் அவர் மனைவி லொரெட்டா. “ஆபரேஷன் பண்ணணுமாம். செலவை யார் தலைல கட்ட?”

அங்கிருந்து நேரே தயாரிப்பாளர் பிரேடியின் அறைக்கு. வெர்னன் பெயரைப் படத்தில் போடுங்கள் என்றேன்.

“உலகத்துல ஒரே ஒருத்தன்னு போஸ்டர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கேன். கீழ ரெண்டாவது ஆள் பேரைப் போட்டா ஜனம் சிரிக்காதா?”

“அப்ப முழங்கால்?”

“டூப்புன்னா விழறதுக்குத்தானேடா சம்பளம்!”

மேஜையைக் கவிழ்க்காமல் வந்தேனே, அதுவே பெரிது.

செப்டம்பர் 3

சங்கத்தில் புகார்.

“முகம் தெரியுதா?” என்றார் செயலாளர்.

“முதுகு தெரியுது.”

“முதுகுக்கெல்லாம் பேர் போடற வழக்கம் இல்லையே, தம்பி.”

வழக்கமாம்! வெளியே வந்ததும் ஒரு நிருபரைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். பிரேடியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றான். கேள், நன்றாகக் கேள்.

செப்டம்பர் 4

வேலை போய்விட்டது.

அக்டோபர் 9

செய்தி வரவே இல்லை. ஏன் என்று இன்று தெரிந்தது. வெர்னன் போன் செய்தார். ஆபரேஷன் செலவு முழுக்க பிரேடி பார்த்துக்கொள்கிறானாம். பதிலுக்கு, அந்தப் படத்தில் நடந்தது தான்தான் என்று சாகும்வரை யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. நிருபரிடம் முதலிலேயே இல்லை என்று சொல்லியாயிற்றாம்.

“கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

“போட்டாச்சு.”

“உங்களுக்காக என் வேலையே போச்சு, நீங்க என்னடான்னா—”

“நான் கேட்டேனாடா உன்னை? பேருக்கு அலைஞ்சது நீ. படி ஏற முடியாம கிடக்கிறது நான்.”

போனை அறைந்து வைத்தேன். நிருபர் போய்க் கேட்டது பலித்திருக்கிறது, பிரேடி பயந்திருக்கிறான். ஆனாலும் வயிறு எரிகிறது. யார்மேல்? அந்தத் திருடன்மேலா, இந்த மனுஷன்மேலா? பொய்க்குப் போய்க் கையெழுத்து! நானாக இருந்தால் — நான் நன்றாகத்தான் நடக்கிறேன். எனக்கென்ன.

ஜனவரி 16, 1972, ஞாயிறு

இப்போது ஒரு கடையில் கேமரா பழுது பார்க்கிறேன். இன்று லீவு. மதியம் படிக்கட்டில் யாரோ ஏறிவரும் சத்தம். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. சீரான அடிகள், எங்கும் நிற்காமல். எதிர் அறைக்காரன் என்று நினைத்துப் படுத்தே கிடந்தேன். கதவு தட்டியதும், “யாரு?” என்று எரிந்து விழுந்தேன்.

“நான்தான்டா. லொரெட்டா ஆப்பிள் பை சுட்டுக் குடுத்திருக்கா. கதவைத் திற, ஆறிடும்.”

குரலை வைத்துத்தான் வெர்னன் என்று தெரிந்தது. அத்தனை ஞாயிறும் லென்ஸ் வழியே பார்த்த நடை. எனக்கே அடையாளம் தெரியவில்லை.