பழைய றோட்டில் ஒரு ‘ஓம்’

2024 ஜனவரி 20, சனி

ஓய்வு பெற்ற பிறகு வரும் மூன்றாவது சனி. இன்றும் ஹுஸ்னியாவும் நானும் பழைய றோட்டில் குளம் வரை சைக்கிளில் போய் வந்தோம். கந்தோரில் பதினொரு வருடம் பக்கத்து மேசை. இப்போது சனிக்கிழமைதான் அவளைக் காணக் கிடைக்கிறது.

பாலையூற்றைத் தாண்டி உள்ளே திரும்பினால் காடு. புது றோட்டு போட்ட பிறகு இந்தப் பக்கம் ஒரு வாகனமும் வருவதில்லை. ஏற்ற இறக்கமும் இல்லை. பாலையும் வீரையும் மேலே கிளை சேர்ந்து குளம் வரை நிழல். தார் ஓரமெல்லாம் கரைந்து நடுவில் ஒரு சைக்கிள் போகத்தான் இடம். அதனால் நான் முன்னால், அவள் பின்னால். அபாயா செயினில் சிக்காமல் ஊக்குக் குத்திக்கொண்டு, வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வருவாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டி ‘ஓம், ஓம்’ போட்டுக்கொண்டு போவேன்.

அமைதிதான் எனக்குப் பிடித்தது. இலை அசைகிற சத்தம்கூட இல்லை. முப்பது வருடம் ஹோர்ன் சத்தத்தில் அடிபட்ட காதுக்கு இது மருந்து.

ஜனவரி 31

வீட்டில் இவருக்கு ரீவி சத்தம் கூடிவிட்டதாம். “றோட்டால போற ஆக்களுக்கும் சேர்த்தோ நாடகம் போடுறீர்?” மீசைக்குள்ளே கதைக்கிற மனிதர் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார்.

பெப்ரவரி 10, சனி

இன்று ஒரு விசயம். குளக்கட்டில் இருந்து பணிஸ் தின்று பிளேன்டீ குடிக்கும்போது ஹுஸ்னியா என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. “உங்களிட்டச் சொன்ன பொறகுதான் மனசு லேசாயிரிக்கிக்கா. வேற ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லிராதீங்க.”

எதைச் சொன்னாள்? வரும் வழியில் பின்னால் நெடுநேரம் ஏதோ கதைத்தாள், அது தெரியும். “கலியாணம்” என்ற சொல் ஒருதரம் காதில் விழுந்தது. மகள் ரிஸ்லாவின் கலியாணம் மே மாதம். மாப்பிள்ளை வீட்டாரோடு ஏதும் பிரச்சினையாக்கும். நானும் அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

கேட்டிருக்கலாம். “என்ன சொன்னனீர்?” என்று கேட்க எவ்வளவு நேரம்? ஆனால் கண் கலங்கி நிற்பவளிடம், நீ சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? காற்று எதிர்த்து வீசினால் யாருக்குத்தான் கேட்கும்.

பெப்ரவரி 11

காதில் ஒன்றுமில்லை. சளி.

மார்ச் 9, சனி

நோன்புக்கு முன் கடைசிச் சவாரி. குளத்தடியில் ஹுஸ்னியா அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: “இந்தக் குருவிகள்ற சத்தத்தில மனிசர் கதைக்க ஏலாது.”

நானும் அண்ணாந்து பார்த்தேன். கிளை நிறையக் குருவிகள். அலகு திறந்து மூடுகிறது. சத்தம் இல்லை.

“ஓம்” என்றேன்.

நான் அமைதி அமைதி என்று கொண்டாடியது காட்டை அல்ல.

ஏப்ரல் 2

இவரோடு போய்க் காது காட்டினேன். கண்ணாடி அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். இரண்டு மூன்று தரம் அமத்திய பிறகு அந்தப் பிள்ளை கதவைத் திறந்து, “அன்ட்ரி, நான் இன்னும் தொடங்கேல்லை” என்றாள். இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரம்!

மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகுமாம். நெடுநாளாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது. காதுக்கு மெசின் வாங்கியாயிற்று. அலுமாரிக்குள் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் மெசின் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போக நான் தயாரில்லை.

மே 5, ஞாயிறு

ரிஸ்லாவின் கலியாணம் நன்றாக நடந்தது. ஹுஸ்னியா மெலிந்திருக்கிறாள். கலியாண அலைச்சல்.

மே 7

காலையில் ஹுஸ்னியா வந்தாள். குசினிக் கதிரையில் எனக்கு நேர் முன்னால் இருந்தாள். அதனால் எல்லாம் கேட்டது.

“நாளைக்குக் காட்டப் போறன். நீங்களும் வாங்கக்கா. நீங்க சொன்னபடி கலியாணத்த முடிச்சிட்டன்.”

“எதைக் காட்ட?”

ஒரு மாதிரிப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். “கட்டியத்தான்.”

கடவுளே. என்ன செய்துபோட்டன் நான்? அண்டைக்குப் பின்னால வந்து அழுதழுது கேட்டிருக்கிறாள் — மார்பில கட்டி, மகளின்ட கலியாணம் முடியட்டும், பிறகு காட்டட்டோ எண்டு. நான் குருவி இல்லாத காட்டை ரசிச்சுக்கொண்டு ‘ஓம்’ எண்டிருக்கிறன். ரெண்டு தரம். ‘ஓம், ஓம்.’

அவளிடம் இதைச் சொல்லவில்லை. “வாறன்” என்று மட்டும் சொன்னேன்.

மே 8

ஆஸ்பத்திரி. டொக்டர் கையால் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார். ஹுஸ்னியா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது என்னைக் காப்பாற்றத்தான். அதைத் தாங்க ஏலவில்லை.

வெளியே வாங்கில் அவள் பக்கத்தில் இருந்து சொல்லிவிட்டேன். கேட்கவில்லை என்று. மாதக்கணக்காகவே கேட்பதில்லை, குருவிச் சத்தம்கூட இல்லை என்று.

என் பக்கம் திரும்பினாள். “என்ட மனிசனிட்டயும் சொல்லல்ல நான். உங்களிட்ட மட்டும்தான் சொன்னன். எதுக்கெடுத்தாலும் வேணாம், கூடாது என்டு ஏசுற ஆள் நீங்க. நீங்களே ஓம் என்டா சரிதான் என்டு நெனச்சன்.” பிறகு, “மூணு மாசம்கா” என்றாள். எழும்பி ஓட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து மெசினைப் போட்டேன். முதலில் கேட்டது நான் அழுகிற சத்தம்.

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். ரிஸ்லா வட்டிலப்பம் கொண்டு வந்தாள். உம்மாவுக்கு ஒப்பரேசன் முடிந்து பதினொரு நாள். முதலே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமாம்; இப்போது ஒரு பக்கம் முழுவதும் எடுத்தாயிற்று. இதை ரிஸ்லா சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் செய்தது அவளுக்குத் தெரியாது. ஹுஸ்னியா சொல்லவில்லை.

வட்டிலப்பத்தை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூலை 6

மூன்று தரம் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது. எனக்கு அழத்தான் உரிமை இல்லை.

ஆகஸ்ட் 15

போன் அடித்தது. ஹுஸ்னியா! குரல் மெலிந்திருந்தது.

“குளத்துக்குப் போறீங்களா?”

“இல்லை. தனியப் போக மனமில்லை.”

“சனிக்கிழம போங்க. குருவி கத்துதா என்டு கேட்டுட்டு வந்து சொல்லுங்க. பொய் சொல்லப்படாது.”

ஆகஸ்ட் 17, சனி

போனேன். அம்மாடி, காடு இவ்வளவு இரைச்சலா! சந்தை தோற்றது. மயில், செண்பகக் குருவி, பெயர் தெரியாத ஏதேதோ. என் சைக்கிளே கிறீச் கிறீச் என்று கத்துகிறது. எத்தனை மாதம் எண்ணெய் விடாமல் ஓடியிருக்கிறேன். அவள் இதற்கு மேலால்தான் கத்திக் கத்திக் கதைத்திருக்கிறாள்.

போனில் எல்லாவற்றையும் ஒன்றொன்றாகச் சொன்னேன். நடுவில் ஒருதரம் சிரித்தாள்.

ஒவ்வொரு சனியும் சொல்ல வேண்டுமாம்.

2025 பெப்ரவரி 8, சனி

மருந்தெல்லாம் முடிந்து இன்று ஹுஸ்னியா வந்தாள். ஒரு கை இன்னும் முழுதாக உயர்த்த ஏலாது. அவளை முன்னால் விட்டேன். அவள் வேகத்தில் போகட்டும். மெல்லத்தான் மிதித்தாள். இலைகளுக்குள்ளால் வெயில் அவள் முதுகில் விழுந்து விழுந்து போனது.

பாதி வழியில் ஏதோ கேட்டாள். முகம் முன்பக்கம், மெசினுக்குள் வந்தது முழுக்கக் குருவிச் சத்தம். நாக்கு நுனி வரை அந்தச் சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன்.

“கேக்கேல்லை!” என்று கத்தினேன்.

பிறேக் பிடித்து, நிலத்தில் கால் ஊன்றி, திரும்பிப் பார்த்தாள். நானும் பக்கத்தில் போய்க் கால் ஊன்றினேன்.

“அடுத்த சனியும் வருவமா என்டு கேட்டன்.”

“ஓம்” என்றேன்.