நாற்பத்தொரு ஃபைல்கள்

திருச்சுழி,
ஆடி 10.

அன்புள்ள அழகுராஜாவுக்கு,

யுவராணி எழுதுவது. நலம்தானே? புனேயில் மழை விடாமல் பெய்கிறது என்றாய். இங்கே ஆடிக்காற்று புழுதியை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறது.

நம் புரோகிராமின் தளத்தில் எழுதினால் எல்லோரும் படிப்பார்கள். அதனால்தான் இந்தத் தனி மெயில்.

நேற்று நீ அனுப்பிய திருத்தம் வந்தது. நாற்பத்தொரு ஃபைல். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாளை மெசேஜில் சொல்லும் புரோகிராம் இது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம்; சரிபார்த்துச் சேர்ப்பது நான் ஒருத்திதான். திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஜூனில் நீ அனுப்பியதும் இப்படித்தான். பெயர் மாற்றம், நிற மாற்றம், தேதிக் கணக்கு எல்லாம் ஒரே மூட்டை. பாதிக்கு மேல் கண் ஓடியதே தவிர மனசு ஓடவில்லை. சரி என்று சேர்த்துவிட்டேன். அதில் ஒரு வரி நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிவிட்டது. எம்.ரெட்டியபட்டி தங்கமாரி ஜூலை எட்டாம் தேதி பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். ஆகஸ்ட் ஏழு என்று அவளுக்கு மெசேஜ் போனது.

போன வாரம் அவள் வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி போன் செய்தார். கால் வீங்கி, பிரஷர் ஏறி மயங்கிவிட்டாளாம். "இன்னும் நாளு கெடக்குன்னுதானக்கா வந்துச்சு" என்றார். அன்றே வரியைத் திருத்தி, மற்ற பெண்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். தங்கமாரிக்கு அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். அவள் தேறிவிட்டாள். குழந்தை ஒன்றரைக் கிலோ. இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது. பார்க்கப் போனபோது, "நீங்க என்னக்கா பண்ணுவீக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தளத்தில் என் தவறு என்றே எழுதியிருக்கிறேன். பார்க்காமல் சேர்த்தது நான்தானே. ஆனால் அந்த வரி உன் திருத்தத்தில் வந்தது என்பதை உன்னிடம் மறைக்க முடியவில்லை.

நேற்று அனுப்பியதைத் திரும்ப எடுத்துக்கொள். தேதிக் கணக்கை மட்டும் முதலில் தனியாக அனுப்பு. எதற்காக மாற்றினாய், எந்தெந்தத் தேதி போட்டுப் பார்த்தாய் என்று மேலே நாலு வரி எழுது. பெயர் மாற்றமெல்லாம் பிறகு, ஒவ்வொன்றாக. எத்தனை தடவை அனுப்பினாலும் பார்க்கிறேன். ஒரே மூட்டையாக வந்தால்தான் பயமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஒதுங்கிவிடாதே. கூட நிற்பது நீ ஒருவன்தான். கோபம் வந்தால் திட்டியாவது எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ நல்லா இருக்கணும். அந்தப் பிள்ளையும்.

உன் தோழி,
யுவராணி