தொடக் கூடாத வேட்டி

மட்டாஞ்சேரி
வியாழக்கிழமை

என்னங்க,

நான் வாயைத் திறந்தாலே மௌன விரதம் என்று கையைக் காட்டுகிறீர்கள். அதனால்தான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன்.

இன்று ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பழைய ரோமாபுரிக்கு வந்த வெளிநாட்டுச் சாமிகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். மித்ராஸ் என்று ஒரு சாமி. கும்பிட்டவர்கள் ஆண்கள் மட்டும்தான். ஜன்னலில்லாத அறையில் கூடுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், ஏழு படிகளாகத் தீட்சை வாங்குவார்கள். உள்ளே நடந்ததை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. மிளகுக் கிடங்கில் கூடுகிற உங்கள் கூட்டத்தைப் போலத்தான்.

"அப்போ டீச்சரே, வீட்டுல இருந்த பெண்டாட்டிமாருக்கும் ஒண்ணும் தெரியாதா?" என்று அம்பிளி கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு மூன்றாம் தீட்சை ஆகிவிட்டது என்பதே பக்கத்து வீட்டு விபின் சேட்டன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் தட்டு தனி, பாய் தனி. அந்த வெள்ளை வேட்டியை நான் தொடக் கூடாது என்றீர்கள். மூன்று மாதமாகத் தொடவில்லை. குரு உங்கள் காதில் என்ன ஓதினார் என்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போய்வந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்களும் இதுவரை கேட்கவில்லை.

ரிப்போர்ட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்து அந்த வேட்டி மடிப்புக்குள் வைக்கிறேன். ஆமாம், தொட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி